கியர்பாக்ஸ் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

என் மனைவியின் வலது கை ஆள்காட்டி விரல் நகக்கணு வரைதான் இருக்கிறது. அதற்கு அடுத்த விரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. இரண்டுக்கும் நான்தான் காரணம். ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது வேறு கதை. அந்தக் கதையில் நான் நல்லவன்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் நான் மெஷின் ஃபிட்டர். பனியன் துணியை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னும் மெஷின்கள். ஊசி உடைந்தாலோ துணியில் கோடு விழுந்தாலோ என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து யூனிட்டுகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். மெஷின் ஓடும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்தாலே எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. வீட்டில் அதைக் காட்டும் விதம் மோசமாக இருந்தது.

அவள் வேறொரு கம்பெனியில் சேம்பிள் டெய்லர். ஆர்டர் வருவதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் முதல் சட்டையைத் தைக்கிறவள். அவள் தைத்து அனுப்பியது பிடித்தால்தான் லைனில் இருக்கும் மற்றவர்களுக்கு வேலை. கழுத்துப் பட்டியைத் திருப்பும் இடத்தில் அவளுடைய ஆள்காட்டி விரல் துணியைத் தொட்டும் தொடாமலும் தள்ளிக்கொண்டு போவதை ஒருமுறை அவர்கள் கம்பெனிக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். அன்று அவளைப் பாராட்டி நான் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு மெதுவாகவா தைக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

கார் அவளுடைய அண்ணன் கொடுத்தது. அவர் சொந்தமாக கார்மெண்ட்ஸ் வைத்திருக்கிறார். அவருடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, பழைய காரின் சாவியை என் கையில் வைத்தார்.

“எந்தங்கச்சிய பைக்குல உக்கார வெச்சு வெயில்ல கூட்டிட்டுத் திரியறதப் பாக்க முடியலீங்க மாப்ள. இத நீங்க வெச்சுக்கங்க” என்றார்.

எங்கள் பக்கம் மரியாதையாகப் பேசியே ஒரு மனிதனைத் தரையில் உட்கார வைத்துவிடலாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும், உங்கண்ணனுக்குச் சொந்தக்காரன் யாரு பிச்சைக்காரன் யாருன்னு வித்தியாசம் தெரியாது என்று சொன்னேன். அவள் சேலையை மடித்து வைத்தாள்.

ஆனாலும் காரை ஓட்டினேன். ஒரு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. மேடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். எப்படியோ இது மச்சான் காதுக்குப் போய்விட்டது. என் மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் போன் செய்து, தன்னுடைய மெக்கானிக்கிடம் சொல்லிவிடுவதாகவும் நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் மட்டும் போதும் என்றும் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க மாப்ள. அது ஊசி மாத்தற வேலையில்லீங்க.”

அவர் இதைக் கேலியாகச் சொன்னாரா அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போனை வைத்தபோது என் காது சூடாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் சாப்பிடும்போதும் போனில் வீடியோ பார்த்தேன். கியர்பாக்ஸ் இறக்குவது எப்படி என்று யார் யாரோ எந்தெந்த மொழியிலோ காட்டிக்கொண்டிருந்தார்கள். கையைத்தானே பார்க்க வேண்டும், மொழி எதற்கு. கம்பெனியில் கிடந்த பைப்பை வெட்டி வெல்டு வைத்து, காரைத் தூக்கி நிறுத்த இரண்டு முக்காலி செய்தேன். உருளை வைத்த பெரிய ஜாக் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி வந்தேன். கிளட்ச் பிளேட்டையும் வாங்கி அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை அவள் ஓவர்டைம் முடித்து வந்தாள். நாளைக்குக் காலையில் கியர்பாக்ஸ் இறக்கப் போகிறேன், நீ கூட இருக்க வேண்டும் என்றேன். குன்னத்தூரில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தாள். அதை ஒருமுறை சொன்னாள். நான் பார்த்த பார்வையில் அடுத்த முறை சொல்லவில்லை. அண்ணனைக் கேட்டால் யூனிட்டிலிருந்து இரண்டு ஆள் அனுப்புவாரே என்று மெதுவாகக் கேட்டாள். அவனுக்கு இது தெரிந்தால் உன்னை அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றேன். எங்கள் ஒரே மகள் அப்போது கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்த சிமென்ட் தளம் போட்டு மேலே தகரம் வேய்ந்த இடம் இருக்கிறது. தண்ணீர் தேங்காமல் ஓடட்டும் என்று தளத்தைச் சற்று வாட்டமாகப் போட்டிருந்தேன். காரின் முன்பக்கத்தைத் தூக்கி முக்காலியில் உட்கார வைத்து, முன் சக்கரங்களைக் கழற்றினேன். பேட்டரியை எடுத்தேன். கியர் ஆயிலை ஒரு பழைய பெயின்ட் வாளியில் வடித்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினேன். சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் இரண்டையும் பிடுங்கி வைத்தேன். எல்லாம் நான் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் பனியன் வேஸ்ட் துணித் துண்டுகளால் துடைத்து, எது எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டு, தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, காகிதத்தில் எழுதியும் வைத்தாள். சேம்பிள் அறையில் அவள் அப்படித்தான் வேலை செய்வாள். நான் அதற்கும் கத்தினேன். கேள்வி கேட்காமல் போடு, இது பட்டன் எடுத்து வைக்கிற வேலை இல்லை என்றேன். மதியம் மறுபடி மாட்டும்போது அது தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

பதினொரு மணிக்குத் தகரம் காய்ந்து அனல் கீழே இறங்கியது. அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, இனி கியர்பாக்ஸை இறக்குவதுதான் பாக்கி என்றேன். அதை இன்ஜினோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சின்ன ஜாக்கால் முட்டுக் கொடுத்திருந்தேன். கியர்பாக்ஸுக்கு அடியில் அந்தப் பெரிய ஜாக். அந்த ஜாக்கின் தலை ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கியர்பாக்ஸோ கோணல்மாணலான ஒரு இரும்பு மூட்டை. தட்டில் அது தானாக நிற்காது. யாராவது இரண்டு பக்கமும் கை கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

அவளைச் சக்கரம் இருந்த இடத்தில் உட்கார வைத்து, கையை உள்ளே விட்டுப் பிடிக்கச் சொன்னேன். நான் மறுபக்கம் காருக்கு அடியில் படுத்து, கடைசி இரண்டு போல்ட்டுகளையும் கழற்றிவிட்டு, நெம்புகோலை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். அது அசையவில்லை. வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்தது. நெம்ப நெம்ப ஜாக்கின் உருளை வாட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

அவள் மூன்று முறை சொன்னாள். இதை எண்ணி எண்ணித்தான் பல நாள் நான் தூங்காமல் கிடந்தேன்.

முதல் முறை, ஜாக் நகர்கிறது என்றாள். நகரட்டும், நீ பிடி என்றேன். இரண்டாவது முறை, கையெல்லாம் ஆயில், வழுக்குகிறது, துடைத்துக்கொள்கிறேன் என்றாள். துடைப்பதற்குள் விழுந்துவிடும், உயிரே போனாலும் கையை எடுக்காதே என்றேன். மூன்றாவது முறை அவள் குரல் மாறியிருந்தது.

“ஏனுங்க, பயமா இருக்குதுங்க. ஒருக்கா நிறுத்திப் போட்டு அப்பறம் செய்யலாமுங்க.”

“உங்கண்ணன் வந்து செய்வானா? புடின்னா புடி.”

சொல்லிக்கொண்டே இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து நெம்பினேன். கியர்பாக்ஸ் சட்டென்று இன்ஜினை விட்டு வந்தது. வந்த வேகத்தில் ஜாக்கின் தட்டிலிருந்து சரிந்து அவள் பக்கம் சாய்ந்து தளத்தில் விழுந்தது. ஒரு அடி உயரம்கூட இருக்காது. பெரிய சத்தமும் இல்லை. அவள் கத்தவும் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் உருண்டு வெளியே வந்து சுற்றி ஓடினேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் கிடந்தது. நான் அதன் பக்கத்தில் மண்டி போட்டு, அதன் மேல்கூட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவினேன். ஒரு பக்கம் தடவி முடித்து அடுத்த பக்கமும் தடவினேன்.

“ஒடஞ்சு போச்சா?” என்று அவளைக் கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை அதற்கு அடியில் இருந்தது.

எத்தனை நொடி என்று தெரியாது. நீண்ட நேரம் இருக்காது. அவள் பார்வை கீழே போனபோதுதான் நான் பார்த்தேன். தூக்கினேன். தூக்க முடிந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போல்ட் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டில் சுத்தமாக இருந்த துண்டுகளைத் தேடி எடுத்து, இடது கையால் அவளே சுற்றிக்கொண்டாள். கார் பிரித்துக் கிடந்தது. பைக்கில்தான் கூட்டிப் போனேன். வழக்கமாக என் தோளில் கை வைப்பாள். அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையும் மஞ்சளுமான பனியன் துண்டுகள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஒரே நிறமாகிவிட்டன.

டாக்டர் எப்படி ஆயிற்று என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள்.

“நானாத்தானுங்க கையை உட்டுட்டேன். அவரு வேண்டாமுன்னாரு. நாந்தான் கேக்கல. அவரு மட்டும் ஒரே தூக்கா தூக்கலீன்னா மணிக்கட்டோட போயிருக்குமுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தச் சமயத்தில் அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. அவள் கையைத் தொடப் போனேன். அவள் இடது கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். நடுவிரலில் கம்பி வைத்துத் தைத்தார்கள். மச்சான் அன்று மாலையே வந்தார். அவரிடமும் அதே கதையைச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னாள். மச்சான் என்னைத் திட்டப் போகிறார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எந்தங்கச்சி கையக் காப்பாத்திக் குடுத்தீங்க மாப்ள என்றார். எங்களுக்குத் திருமணம் ஆகி அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேலி இல்லாமல் பேசியது அதுதான் முதல் முறை. அவருடைய தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்தபடி, முகத்தில் ஒன்றுமே இல்லாமல்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், அவளுடைய கம்பெனி சூப்பர்வைசர், என் கம்பெனி ஆட்கள். ஒவ்வொரு முறையும் நான் அந்த அறையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். நான் வெளியே போக எழுந்தால், இருங்க, உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க என்பாள். மகள் ஓடி வந்தபோது அவளிடமும் சொன்னாள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் தனியாக இருந்தபோது, ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“வேற என்னத்தச் சொல்றது? இரும்பத் தடவிப் பாத்தீங்க, அதச் சொல்லட்டுமா?”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு மாதம் வீட்டிலிருந்த மெஷினில் தைத்துப் பழகினாள். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது மெஷின் சத்தம் தெருவரை கேட்கும். கொஞ்சம் ஓடும், நிற்கும், தையலைப் பிரிக்கிறாள் என்று தெரியும், மறுபடி ஓடும். ஒரு நாள் வந்து உட்கார்ந்ததும் ஒரு கழுத்துப் பட்டியை என் முன்னால் நீட்டி, நேராக இருக்கிறதா என்று கேட்டாள். ஓரம் பாம்பு போல் நெளிந்திருந்தது. நேராகத்தான் இருக்கிறது என்றேன்.

“நீங்க பொய் சொல்ல வேண்டாமுங்க. அந்த வேலைய நான் பாத்துக்கறேன்.”

அத்தோடு பழகுவதை விட்டுவிட்டாள். கம்பெனியில் அவளைச் செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். சேம்பிள் அறைக்குக் குன்னத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பட்டி திருப்புவதை இவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையால் காட்ட முடியாததால் வாயாலேயே சொன்னாளாம்.

கார் அப்படியே கிடந்தது. கியர்பாக்ஸ் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். ஆள் வைத்து எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. யாரையும் கூப்பிட வேண்டாம், நீங்களே மாட்டி ஓட்டுங்கள் என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்தாள். ஒரு ஸ்பேனர்கூட எடுத்துத் தரவில்லை. கிண்ணங்களில் அவள் எழுதி வைத்திருந்ததை வைத்துத்தான் எந்த போல்ட் எங்கே போகும் என்று பார்த்து மாட்டினேன்.

புது கிளட்ச் பிளேட்டைப் பொருத்தினேன். கியர்பாக்ஸைத் தனியாளாக அந்த உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாட்ட முடியாது. பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கு மேல் குறுக்காக ஒரு தடித்த பைப்பை வைத்து, நைலான் கயிற்றால் கியர்பாக்ஸைக் கட்டி, கயிற்றை முறுக்கி முறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினேன். கயிறு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கை கொடுக்கவே தேவைப்படவில்லை. இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கேட்டாள்.

“இந்தக் கயிறு எப்ப வாங்குனது?”

“மொதல்லயே இருந்துது.”

“அன்னைக்கும் ஊட்டுலதான் இருந்துதா?”

ஆமாம் என்றேன். அவள் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மீதி போல்ட்டுகளை மாட்டினேன். கார் முதல் முறையிலேயே கிளம்பியது. கியர் வெண்ணெய் போல விழுந்தது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

இதுவரை சொன்னதில் வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மச்சான் என்னை மதிக்க ஆரம்பித்திருந்தார். விசேஷங்களில் பக்கத்தில் உட்கார வைப்பார். அவருடைய யூனிட்டில் மெஷின் வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்டார். யாராவது புதிதாக வந்தால், இவருதான் எந்தங்கச்சி கையக் காப்பாத்துனவரு என்று சொல்வார். முதலில் எனக்கு உடம்பு கூசும். தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் மதித்தார்கள். நாளாக நாளாகக் கூசவில்லை. நாளாக நாளாக அந்த மரியாதை எனக்குப் பழகிவிட்டது, தேவைப்படவும் செய்தது.

குன்னத்தூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து மண்டபத்துக்கு வெளியே ஆண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தாராபுரத்திலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர், என்னதான் நடந்தது என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். கையை எடு என்று எத்தனை தடவை சொன்னேன், அவள் எப்படிக் கேட்கவில்லை, ஜாக் நகர்ந்ததை எப்படி நான் முதலில் பார்த்தேன், எப்படி உருண்டு வந்து ஒரே மூச்சில் தூக்கினேன். அவளுடைய கதையில் இல்லாததையும் சேர்த்தேன். ஜாக்கைக் காலால் உதைத்துத் தள்ளினேன் என்றேன். அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லும்போது எனக்கு அது நடந்தது போலவே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மண்டப வாசற்படியில் அவள் நின்றிருந்தாள். கையில் தாம்பூலப் பை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

காரில் திரும்பும்போது அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அதுவரை என் பக்கத்தில்தான் உட்காருவாள். பெருமாநல்லூர் தாண்டியதும், இன்னைக்கு நல்லாச் சொன்னீங்க, நான் சொல்றதைவிட நல்லாருந்துது என்றாள். குரலில் கோபமே இல்லை. அன்றிலிருந்து இந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் என்னைக் காட்டிவிடுவாள்.

அடுத்த விடுமுறையில் மகள் தன் அறைத்தோழியைக் கூட்டி வந்தாள். சாப்பிடும்போது, அப்பா அன்னைக்கு நடந்ததை இவகிட்டச் சொல்லுங்கப்பா என்றாள். நான் ஆரம்பித்தேன். சமையலறைச் சத்தம் நின்றது. என் மனைவி வந்து கதவருகே நின்றாள். கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாள். அடிபட்டதிலிருந்து எல்லாவற்றையும் இடது கையில்தான் பிடிக்கிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை கண்ணு என்று சொல்லி எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் தோழி முன்னாலேயே கிளம்பிவிட்டாள். மகளைப் பஸ் ஏற்ற நான் காரில் கூட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கியர்பாக்ஸைத் தடவிப் பார்த்ததையும் சொன்னேன். கயிறு வீட்டிலேயே இருந்ததையும் சொன்னேன். அவள் முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா நிறுத்தச் சொன்னாங்களாப்பா?”

“சொன்னா. மூணு தடவ.”

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. சொன்னதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் இறங்கியது போலவும் இருந்தது. என் மனைவியிடம், மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“எம்புள்ளைக்கு நல்ல அப்பன் ஒருத்தன் இருந்தான். நான் உண்டாக்கி வெச்சிருந்தேன். உங்க நெஞ்சு லேசாகோணும்னு அவனையும் கொன்னு போட்டீங்க.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கதை எனக்குத் தண்டனையாக மட்டும் சொல்லப்பட்டதல்ல என்று. அதில் எவ்வளவு தண்டனை, எவ்வளவு மகளுக்காக என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவளிடம் கேட்கவும் முடியாது.

மச்சானிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அது உங்க இஷ்டம் என்றாள். இன்றுவரை சொல்லவில்லை. அவர் இன்னும் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்து என்னைக் கூப்பிடுகிறார். நான் போய் உட்காருகிறேன்.

தினமும் காலையில் அவளைக் கம்பெனிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். பின்சீட்டில் இடது பக்க ஜன்னலோரம் உட்காருவாள். நாங்கள் சண்டை போடுவதில்லை. அரிசி தீர்ந்ததையும் கரண்ட் இல்லாததையும் பேசிக்கொள்கிறோம். நான் இப்போது அவளிடம் குரலை உயர்த்துவதில்லை. அதைப் பற்றி அவள் ஒருமுறைகூட எதுவும் சொன்னதில்லை.

மகளுக்குப் படிப்பு முடிந்து சென்னையில் வேலை. பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன நாளுக்குப் பிறகு நான்கு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கே கூப்பிடுவாள். சாப்ட்டீங்களாப்பா என்று கேட்பாள். சாப்பிட்டேன் கண்ணு என்பேன். வேலை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன். நல்லாருக்குதுங்கப்பா என்பாள். பிறகு, அம்மாகிட்டக் குடுங்க என்பாள். நான் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன். உள்ளே அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.